வீட்டை ஒட்டிய நடைபாதை: பராமரிப்பு யார் கையில், பொறுப்பு யார் தலையில்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு முகப்பில் நடைபாதையின் கான்கிரீட் ஸ்லாப் ஒன்றை மரவேர் மெல்லத் தூக்கிவிட்டிருந்தது. ஒரு விரல்கடை உயரம்தான். தினமும் அதைத் தாண்டிப் போய்வந்த எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஒரு நாள் இருட்டும் நேரத்தில் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் அதில் கால் இடறி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவர் யார் மீதும் வழக்குப் போடவில்லை. ஆனால் அந்த இடத்தை யார் சரிசெய்ய வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது என்று அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு நான் தேடிப் படித்ததும், பலரும் என்னிடம் கேட்டதும்தான் இந்தப் பக்கம். சட்டம் நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் மாறுகிறது. கீழே சொல்லியிருப்பவை புரிதலுக்காக. உங்கள் ஊரின் விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நடைபாதை யாருடைய சொத்து? பட்டாவில் என் பெயர் இருந்தால் அது என்னுடையதுதானே?

பெரும்பாலான ஊர்களில் நடைபாதை சாலையின் ஒரு பகுதி, அதாவது பொது இடம். சில இடங்களில் மட்டும் பத்திரப்படி உங்கள் நிலம் நடைபாதைக்கு அடியிலும், ஏன் சாலையின் நடு வரையிலும்கூடப் போகும். அப்போதும் அதன்மேல் நடந்துபோகும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. வேலி போட்டு மறிக்க முடியாது.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் பராமரிப்பு யாருடையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்களுக்குச் சொந்தமே இல்லாத நடைபாதையைப் பராமரிக்கும் கடமையைச் சட்டம் உங்கள் மேல் சுமத்தலாம். பல ஊர்களில் சுமத்தியும் இருக்கிறது.

அப்படியானால் உடைந்ததைச் சரிசெய்யும் செலவு யாருடையது?

இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்குப் பதில் எளிது. 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 41-ஆம் பிரிவின்படி, பொதுப் பராமரிப்பில் உள்ள சாலையையும் அதன் நடைபாதையையும் கவனிக்க வேண்டியது நெடுஞ்சாலை நிர்வாகம். வீட்டுக்காரர் ஸ்லாப் மாற்ற வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ் என்றே சொல்லலாம். அங்கே பல நகரங்களில் நடைபாதையை ஒட்டிய சொத்தின் உரிமையாளரே பழுது பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் மாநிலச் சட்டமே, தெரு மற்றும் நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 5610-ஆம் பிரிவில், அப்படிச் சொல்கிறது. நகர நிர்வாகம் முதலில் நோட்டீஸ் கொடுக்கும். நீங்கள் செய்யாவிட்டால் தானே ஆள் வைத்துச் செய்துவிட்டு உங்களுக்குப் பில் அனுப்பும். கட்டாமல் விட்டால் அந்தத் தொகை சொத்தின் மீதே கடனாக ஏறிவிடும். பழைய வீடு வாங்குபவர்கள் வில்லங்கம் பார்க்கும்போது நடைபாதை நோட்டீஸ் ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுவது நல்லது. பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவிலும் ஊர்கள் உண்டு. கட்டுமானம் நகரத்தின் வேலை, கூட்டுவதும் பனி அள்ளுவதும் வீட்டுக்காரர் வேலை என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

பழுது பார்ப்பது என் கடமை என்றால், விழுந்தவருக்கு இழப்பீடு கொடுப்பதும் நான்தானா?

எல்லோரும் குழம்பும் இடம் இதுதான். இரண்டும் ஒன்றல்ல. பழுது பார்க்கும் கடமை நகரத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது. அடிபட்டவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தனி. ஒன்று உங்கள் மேல் இருப்பதாலேயே மற்றதும் வந்துவிடாது.

கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன 5610-ஆம் பிரிவு பழுது பார்க்கச் சொல்கிறதே தவிர, விழுந்தவருக்கு வீட்டுக்காரர் பொறுப்பு என்று சொல்லவில்லை. நீதிமன்றங்களும் நெடுங்காலமாக அப்படித்தான் பொருள் கொண்டன. அதனால் சான் ஹொசே நகரம் தனியாக ஓர் உள்ளூர் விதி போட்டு, இழப்பீட்டுப் பொறுப்பையும் சொத்து உரிமையாளர் மேல் வைத்தது. அந்த விதி செல்லும் என்று 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக ஒரே மாநிலத்தில், ஊர் எல்லையைத் தாண்டினால் உங்கள் நிலைமை மாறிவிடும்.

நியூயார்க் நகரில் 2003 செப்டம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள விதி, இழப்பீட்டுப் பொறுப்பைச் சொத்து உரிமையாளருக்கு மாற்றியது. ஆனால் முழுக்க வசிப்பதற்கே பயன்படும், உரிமையாளரும் குடியிருக்கும், மூன்று குடும்பம் வரையிலான வீடுகளுக்கு விலக்கு. அந்த வீடுகளின் முன் ஒருவர் விழுந்தால் வழக்கு நகரத்தின் மீதுதான். ஆனாலும் உடைந்த ஸ்லாப்பை மாற்றும் கடமை அந்த வீட்டுக்காரரை விட்டுப் போகவில்லை.

நியூ ஜெர்சியில் 1981-இல் மாநில உச்ச நீதிமன்றம் வணிகக் கட்டடங்களின் உரிமையாளர்களைப் பொறுப்பாக்கியது, குடியிருப்புகளை விட்டுவிட்டது. கனடாவின் ஒன்டாரியோவில் 2000-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு இன்னொரு கோணம்: நகர விதிப்படி பனி அள்ளாமல் விட்டால் அபராதம் வரலாம், ஆனால் அந்த ஒரே காரணத்துக்காகப் பொது நடைபாதையில் வழுக்கி விழுந்தவருக்கு வீட்டுக்காரர் இழப்பீடு தர வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் நகராட்சியிடம் கேட்கும்போது ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். 'பழுது யார் செலவு?' என்று ஒன்று, 'விழுந்தவருக்கு யார் பொறுப்பு?' என்று இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள்.

என் ஊர் விதி என்னைப் பொறுப்பாக்கவில்லை. கவலை விட்டதா?

முழுக்க விடவில்லை. ஆபத்தை உண்டாக்கியது நீங்களே என்றால் விதி எதுவானாலும் உங்களிடம்தான் வருவார்கள். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் வாயை நடைபாதை பக்கம் திருப்பிவிட்டு, அங்கே பாசி பிடித்தோ உறைந்தோ ஒருவர் வழுக்கினால் அது உங்கள் செயல். வீட்டு வேலைக்காகத் தோண்டிவிட்டுச் சரியாக மூடாதது, மணலும் ஜல்லியும் கொட்டி வைத்தது, தரைக்கீழ் அறைக்குப் போகும் இரும்பு மூடியை நடைபாதையில் வைத்திருப்பது, கனமான வண்டிகளை ஏற்றி இறக்கி ஸ்லாப்பை உடைத்தது எல்லாம் இதில் சேரும்.

குறிப்பாகக் கார் நுழையும் வழியைப் பாருங்கள். வாகனம் சுலபமாக ஏற வேண்டும் என்று நடைபாதையையே வெட்டிச் சரித்து வைக்கிறார்கள். நடப்பவர் ஒவ்வொரு வீட்டு முன்பும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நடைபாதை மட்டமாகத் தொடர வேண்டும். சரிவு அதற்கு வெளியே, ஓரக்கல்லை ஒட்டி இருக்க வேண்டும். நடைபாதையின் குறுக்குச் சரிவு 48-க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதி. அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர் சாய்வு. தண்ணீர் வடிய அது போதும். அதற்கு மேல் சாய்ந்தால் சக்கர நாற்காலி தானாகவே சாலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கையால் மட்டும் விடாமல் தள்ளி நேராக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு எழும்பினால் ஆபத்து?

நியூயார்க் நகர விதி, அடுத்தடுத்த இரண்டு ஸ்லாப்களுக்கு நடுவே அரை அங்குலம், அதாவது சுமார் 13 மில்லிமீட்டர் உயர வேறுபாடு இருந்தாலே இடறும் குறை என்கிறது. அமெரிக்க அணுகல் விதிகளில் கால் அங்குலம் வரை செங்குத்தாக இருக்கலாம். கால் முதல் அரை அங்குலம் வரை விளிம்பைச் சீவிச் சரிவாக்க வேண்டும். இங்கிலாந்தில் பல உள்ளாட்சிகள் 20 முதல் 25 மில்லிமீட்டர் வந்த பிறகே வேலையில் இறங்குகின்றன.

'இத்தனூண்டு மேட்டுக்கா?' என்று நானும் நினைத்தேன். இயல்பாக நடக்கும்போது, கால் முன்னே வீசப்படும் நடுக்கட்டத்தில், நம் பெருவிரல் தரையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் போகிறது. அந்தக் கட்டத்தில் நாம் அதை அதற்கு மேல் தூக்குவதில்லை. வயதானவர்கள், காலை இழுத்து நடப்பவர்களுக்கு இந்த இடைவெளியை இன்னும் நம்பி இருக்க முடியாது. பெரிய பள்ளம் கண்ணில் பட்டுவிடும், சுற்றிப் போய்விடுவோம். கண்ணில் படாத அரை அங்குலம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

அளப்பது சுலபம். உயர்ந்த ஸ்லாப்பின் மேல் ஒரு நேர்க்கட்டையை நீட்டி வையுங்கள். அது தாழ்ந்த ஸ்லாப்பின் மேல் அந்தரத்தில் நிற்கும். அந்த இடைவெளியில் ஸ்கேலை நிறுத்திப் படியுங்கள். ஒரு முனை சரியாக இருந்து மறுமுனை எழும்பியிருக்கலாம் என்பதால் இணைப்பின் இரண்டு ஓரங்களிலும் அளக்க வேண்டும். எங்கள் ஸ்லாப் வீட்டுப் பக்கம் 5 மில்லிமீட்டரும் சாலைப் பக்கம் 22 மில்லிமீட்டரும் காட்டியது. நான் எப்போதும் நடந்தது வீட்டுப் பக்கமாகத்தான்.

மரவேர் தூக்கிவிட்டது. மரத்தை வெட்டிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில், மரம் யாருடையது என்று பாருங்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் இடைப்பட்ட கீற்றில் நிற்பது பெரும்பாலும் நகரத்தின் மரம். அனுமதி இல்லாமல் கைவைத்தால் அபராதம். உங்கள் வளாகத்துக்குள் இருக்கும் மரமானாலும் சில ஊர்களில் அனுமதி வேண்டும்.

வேர் ஏன் அங்கே போகிறது என்று புரிந்தால் தீர்வும் புரியும். ஸ்லாப்புக்கு அடியில் ஈரம் ஆவியாகிப் போகாமல் தங்குகிறது. ஸ்லாப்புக்கும் இறுகிய மண்ணுக்கும் நடுவே காற்றுக்கும் இடம் இருக்கிறது. வேருக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். மெல்லியதாக நுழைந்து, ஆண்டுக்கு ஆண்டு பருத்து, கான்கிரீட்டைத் தூக்குகிறது.

மேடு சிறியதென்றால் விளிம்பைக் கிரைண்டரால் சீவிவிடலாம். ஒரு நாள் வேலை, செலவும் குறைவு. ஆனால் வேர் தொடர்ந்து பருக்கும், சில ஆண்டுகளில் மறுபடி வரும். ஸ்லாப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும்போது பாதையை மரத்தைச் சுற்றிச் சற்று வளைத்துவிட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. வேரை வெட்டுவது கடைசி வழி. தண்டின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்கு உள்ளே பெரிய வேரை வெட்டினால் மரம் நிலைகுலையும். அடுத்த பெருங்காற்றில் அது விழலாம். அதற்கு மர வல்லுநர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் கோடரியைத் தொடாதீர்கள்.

நாங்கள் வளைத்துத்தான் போட்டோம். மரம் இன்னும் நிழல் தருகிறது.

தரை நன்றாகத்தான் இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

தலைக்கு மேலே பாருங்கள். பார்வையற்றவரின் கைத்தடி தரையிலிருந்து சுமார் 27 அங்குலத்துக்குக் கீழே இருப்பதைத்தான் கண்டுபிடிக்கும். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை, மீட்டர் பெட்டி, திறந்த ஜன்னல் கதவு எதுவும் தடிக்குத் தெரியாது, முகத்தில்தான் தெரியும். அமெரிக்க விதிப்படி தரையிலிருந்து 80 அங்குல உயரம் வரை, ஏறத்தாழ 2 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் உங்கள் செடிகொடிகள் பாதையை மறித்தால், 14 நாளுக்குள் வெட்டச் சொல்லி நெடுஞ்சாலைச் சட்டம் 154-ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் தர முடியும். முட்செடியாக இருந்தால் நோட்டீசுக்குக் காத்திருக்காதீர்கள்.

குப்பைத்தொட்டி, பாதி நடைபாதையை அடைத்து நிற்கும் கார், பூந்தொட்டி வரிசை: இவற்றுக்குச் செலவே இல்லை, நகர்த்தினால் போதும். குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு வருபவர் உங்கள் காருக்காகச் சாலையில் இறங்கி, வரும் வாகனத்துக்கு எதிரே நடப்பதை ஒருமுறை ஜன்னலிலிருந்து பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். மனசு பதறுகிறது.

பனி விழும் ஊரில் இருக்கிறேன். எத்தனை மணி நேரத்துக்குள் அள்ள வேண்டும்?

ஊருக்கு ஊர் கணக்கு உண்டு. பாஸ்டனில் பனி நின்ற 3 மணி நேரத்துக்குள். இரவில் நின்றால் சூரியன் உதித்த 3 மணி நேரத்துக்குள். நியூயார்க்கில் காலை 7 முதல் மாலை 5 மணிக்குள் நின்றால் 4 மணி நேரம், அதற்குப் பிறகென்றால் கூடுதல் அவகாசம். ஆஸ்திரியாவில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 93-ஆம் பிரிவே இதைச் சொல்கிறது: ஊருக்குள், சொத்திலிருந்து 3 மீட்டருக்குள் இருக்கும் நடைபாதையைக் காலை 6 முதல் இரவு 10 வரை பனியும் அழுக்கும் இல்லாமல் வைக்க வேண்டும், வழுக்கினால் மணலோ அதுபோன்ற ஒன்றோ தூவ வேண்டும். நடைபாதையே இல்லாவிட்டால் சாலையோரத்தில் 1 மீட்டர் அகலம். ஜெர்மனியில் உள்ளாட்சிகள் இந்த வேலையை வீட்டு உரிமையாளருக்கு மாற்றிவிடுகின்றன. அவர் வாடகை ஒப்பந்தம் வழியே குடியிருப்பவரிடம் ஒப்படைக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

'அள்ளப் போய் அரைகுறையாகிவிட்டால் வழக்கு வருமே, தொடாமலே இருந்துவிடலாமா?' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடு ஒழுங்காக அள்ளுபவரை நீதிமன்றங்கள் சாதாரணமாகத் தண்டிப்பதில்லை. இல்லினாய் மாநிலத்தில் வீட்டு முன் பனி அள்ளுபவரைக் காக்கவே தனிச் சட்டம் இருக்கிறது. சிக்கல் எப்போது வரும் என்றால், அள்ளிய பனியை மேட்டில் குவித்து, அது பகலில் உருகி நடைபாதையில் ஓடி இரவில் கண்ணாடியாக உறையும்போது. குவியலைத் தண்ணீர் வடியும் பக்கமாகப் போடுங்கள்.

சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அந்தக் குளிரில் மணல் தூவுவதே நல்லது. புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் முதல் குளிர்காலம் உப்பே வேண்டாம், மேல்தோல் உரிந்து வந்துவிடும்.

நகராட்சியின் பொறுப்புதானே, நான் ஏன் புகார் எழுதிக்கொண்டு அலைய வேண்டும்?

உங்கள் ஒரு கடிதத்துக்கு நீங்கள் நினைப்பதைவிட வலு அதிகம். நியூயார்க் மாநிலத்தின் பல நகரங்களில், குறை பற்றி முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கப்பட்டிருந்தால்தான் விழுந்தவர் நகரத்திடம் இழப்பீடு கேட்கவே முடியும். இங்கிலாந்தில் நியாயமான கவனத்தோடு பராமரித்தோம் என்று நிர்வாகம் 58-ஆம் பிரிவைக் காட்டித் தப்பிக்கலாம்; ஆனால் அந்தக் குறை அவர்களுக்குத் தெரியும் என்று காட்டும் கடிதம் ஒன்று கோப்பில் இருந்தால் அது அவ்வளவு சுலபமில்லை. நீங்கள் எழுதாமல் விட்டதால், நாளை முகம் தெரியாத ஒருவருக்கு இழப்பீடு கேட்கும் வழி அடைபடலாம்.

போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. கதவிலக்கத்தையோ விளக்குக் கம்ப எண்ணையோ குறிப்பிடுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி எழுதுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டது. கையில் பணம் இல்லை.

முதலில் நோட்டீசில் உள்ள கெடுவைப் பாருங்கள். ஆட்சேபம் தெரிவிக்கவும் ஒரு கெடு இருக்கும். நகரத்தின் மரம்தான் காரணம் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அந்தச் செலவை ஏற்கும் நகரங்கள் உண்டு. சிகாகோவில் செலவைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் இருக்கிறது. தவணையில் கட்ட விடுவதும், முதியோருக்குச் சலுகை தருவதும் பல ஊர்களில் நடக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் நான்கைந்து பேருக்கும் நோட்டீஸ் வந்திருந்தால் ஒரே காண்ட்ராக்டரிடம் சேர்ந்து கொடுங்கள், விலை குறையும்.

வேலை செய்யும்போது அனுமதி வாங்கச் சொல்லுங்கள். நடைபாதைக்கு 4 அங்குலக் கனமும், வண்டி ஏறும் இடத்துக்கு 6 அங்குலமும் பரவலான அளவு. ஒரு வாரமாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கடமை உண்டா?

அங்கே நடைபாதை போடுவதும் பழுது பார்ப்பதும் உள்ளாட்சியின் வேலை. வீட்டுக்காரரின் கடமை ஆக்கிரமிக்காமல் இருப்பது. காம்பவுண்டுக்கு வெளியே நீளும் சாய்தளம், படிக்கட்டு, ஜெனரேட்டர், வேலி போட்ட தோட்டம் எல்லாம் ஆக்கிரமிப்புதான். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012 வழிகாட்டி, நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொன்னது. உங்கள் வாசல் சாய்தளத்தையும் இந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசியுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகச் செய்வது நியாயமான ஏற்பாடுதானா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலையை யாரும் வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுப்பதில்லை. பத்து வீட்டில் ஒன்பது பேர் சரிசெய்து ஒருவர் விட்டுவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தத் தெருவே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இந்த இழுபறி பல பத்தாண்டுகள் நீடித்து, கடைசியில் மாற்றுத்திறனாளிகள் தொடுத்த வழக்கில் 2016-இல் சமரசம் ஏற்பட்டு, 30 ஆண்டுகளில் 130 கோடி டாலருக்கு மேல் செலவிட நகரம் ஒப்புக்கொண்டது. டென்வர் நகர வாக்காளர்கள் 2022-இல் வேறு வழியைத் தேர்ந்தார்கள்: எல்லாச் சொத்துகளும் கட்டணம் கட்டும், பழுது வேலையை நகரமே செய்யும். இது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. ஆனால் உங்கள் ஊரில் அது வரும்வரை ஸ்லாப் காத்திருக்காது.

என் வீட்டு முன் ஒருவர் விழுந்துவிட்டார். இப்போது என்ன செய்வது?

முதலில் ஆளைப் பாருங்கள். உடனே தூக்கி நிறுத்த வேண்டாம். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், தலையில் அடி என்றால் ஆம்புலன்சை அழையுங்கள். தண்ணீர், நாற்காலி, வீட்டுக்குத் தகவல். வழக்கு வந்துவிடுமோ என்று கதவைச் சாத்திக்கொள்பவர்கள்தான் பெரும்பாலும் வழக்கைத் தேடிக்கொள்கிறார்கள்.

பிறகு, எதையும் மாற்றுவதற்கு முன் அந்த இடத்தைப் போட்டோ எடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றே சொல்லுங்கள். பல வீட்டுக் காப்பீடுகளில் மற்றவருக்கு நேரும் காயத்துக்கான பாதுகாப்பும் இருக்கிறது, தாமதமாகச் சொன்னால் அது கைவிட்டுப் போகலாம். நகராட்சிக்கும் எழுதுங்கள். இன்னொருவர் விழாதபடி அந்த மேட்டின் மேல் பளிச்சென்ற பெயின்ட் அடித்து, இரவில் தெரியும்படி வாசல் விளக்கை எரியவிடுங்கள்.

நான் அன்று செய்தது அந்த விளக்கு மட்டும்தான். அந்த அம்மா கட்டுப் பிரித்த பிறகு முதல்முறையாக எங்கள் தெருவில் நடந்து வந்தபோது, புது ஸ்லாப்பின் முன் நின்று, ஒரு காலை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைத்தார்.